ரத்த தானமும் வாக்குத் தானமும்

ரத்த தானம் இன்னதென்று தூத்துக்குடி ஜனங்களுக்கு நாம் விளக்க வேண்டிய அவசியமில்லை. துறைமுகத்தில் ஒரு விபத்து, உப்பளச் சாலையில் ஒரு லாரி மோதல் என்றால், ஆஸ்பத்திரி வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்க வாலிபர்கள் இவ்வூரில் முன்வராமல் இருப்பதில்லை. ஆனால் ரத்தம் முழுவதையும் கொடாமல், அதில் ஓடும் வித்தை மாத்திரம் யந்திரத்தினால் பிரித்தெடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொடுத்தவர் உடலிலேயே திரும்பச் செலுத்தி, எடுத்த வித்தை முன்பின் அறியாத ஒருவருக்கு ஏற்றி அவரைச் சாவினின்றும் மீட்கும் காரியம் ஒன்று சென்னையிலும் வேலூரிலும் வெகுகாலமாக நடந்து வருகிறது. அதைப் பற்றி நமது ஜில்லாவில் படித்தவர்களிடங்கூடத் தெளிந்த அறிவைக் காணோம். அறியாமையினால் பிறந்த அச்சம் இருக்கிறது. அச்சத்தினால், கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. இம்மூன்றில் கடைசியாகச் சொன்னது உயிரைக் குடிக்கக்கூடியது. ஆதலால் இவ்விஷயத்தை இன்று எடுத்துக்கொண்டோம்.

ஸ்டெம் செல் என்று மேனாட்டு வைத்திய சாஸ்திரம் சொல்லுவதைத் தமிழில் குருத்தணு என்று வழங்குகிறார்கள். பொருத்தமான பெயர். திருச்செந்தூர்த் தேரிக்காட்டில் பனையேறிப் பழகியவனுக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டாம். பனைக்கு உச்சியில் குருத்து ஒன்றே. ஓலையும் பாளையும் அதன் வழியாகவே வருகின்றன. குருத்தழுகிய பனை எவ்வளவு நெடிய மரமானாலும் பட்ட பனைதான். அதைப் போலவே நம் எலும்புகளுக்குள் இருக்கும் மஜ்ஜையில் சில அணுக்கள் ஓயாமல் பெருகி, சிவப்பணு, வெள்ளையணு, ரத்தத்தை உறையச் செய்யும் தட்டணு ஆகிய மூன்றையும் உற்பத்தி செய்து வருகின்றன. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். தட்டணுவின் ஆயுளோ பத்து நாள் அளவே. உற்பத்தி நின்று போனால் உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அப்ளாஸ்டிக் அனீமியா என்ற நோயில் இந்தக் குருத்து வற்றிப் போகிறது. லுக்கீமியா என்னும் ரத்தப் புற்றில் கெட்ட அணுக்கள் மஜ்ஜையை அடைத்துக்கொள்ளுகின்றன. கடுமையான தலசீமியாவில் பிறவியிலேயே சிவப்பணு சரிவர உருவாவதில்லை. குழந்தை சில வாரங்களுக்கு ஒருமுறை பிறருடைய ரத்தத்தை ஏற்றிக்கொண்டே வளர வேண்டியிருக்கிறது. இந்நோய்களில் பலருக்கு நிரந்தரமான பரிகாரம் ஒன்றே. நோயாளியின் பழைய மஜ்ஜையைக் கடும் மருந்தினாலோ கதிரியக்கத்தினாலோ அழித்துவிட்டு, ஆரோக்கியமுள்ள ஒருவரின் குருத்தணுக்களை அவருடைய ரத்தக் குழாய் வழியே ஏற்றுவதுதான் அது. ஏற்றிய அணுக்கள் தாமாகவே எலும்புக்குள் வழி தேடிச் சென்று குடியேறி, இரண்டு மூன்று வாரங்களில் புது ரத்தத்தை உண்டாக்கத் தொடங்குகின்றன. இதற்குக் கத்தி வேண்டாம். ரத்தம் ஏற்றுவதைப் போலவே இதுவும் ஏற்றப்படுகிறது.

அமெரிக்காவில் டாக்டர் டானல் தாமஸ் என்பவர் மனிதருக்கு மஜ்ஜையை ஏற்றிப் பார்த்த சோதனைகளை 1957-ம் வருஷத்தில் வெளியிட்டார். ஆரம்பத்தில் நோயாளிகள் பிழைக்கவில்லை. பலர் இது ஆகாத காரியமென்று கைவிட்டார்கள், அவர் விடவில்லை. 1990-ம் வருஷத்தில் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. நமது தேசத்தில் 1983-ம் வருஷம் பம்பாய் டாடா ஆஸ்பத்திரியில் முதல் மஜ்ஜை மாற்று நடந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-ம் வருஷம் டாக்டர் மாம்மன் சாண்டி முதலானோர் இதைத் தொடங்கினர். தமிழ்நாட்டு நோயாளிகள் இதற்காகக் கடல் கடந்து போக வேண்டிய நிலை அப்போதே மாறத் தொடங்கிவிட்டது.

அந்நாட்களில் தானம் செய்பவர் மயக்க மருந்து ஏற்றுக்கொண்டு குப்புறப் படுக்க வேண்டும். இடுப்பெலும்பின் பின்புறத்தில் ஊசியைப் பலமுறை செலுத்தி மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பார்கள். அம்முறை இன்றும் கைவிடப்படவில்லை. சில நோய்களுக்கு அதுவே சிலாக்கியம் என்பதைப் பின்னால் சொல்லுவோம். ஆனால் இன்று பெரும்பாலோரிடம் எடுப்பது யந்திரத்தின் வழியாகத்தான்.

அந்த யந்திரத்தின் கதை கேட்கத் தகுந்தது. 1962-ம் வருஷத்தில் அமெரிக்க ஐ.பி.எம். கம்பெனியில் என்ஜினீயராயிருந்த ஜார்ஜ் ஜட்சன் என்பவரின் மகனுக்கு லுக்கீமியா கண்டது. தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் மகனுக்கு நடக்கும் சிகிச்சையைப் பார்த்த தகப்பன், ரத்தத்தின் அணுக்களை வகை வகையாகப் பிரிக்க இவ்வளவு சிரமம் எதற்கு, ஒரு யந்திரம் செய்யலாகாதா என்று எண்ணினார். அங்கிருந்த டாக்டர் எமில் ஃப்ரைரைக்கும் அவரும் சேர்ந்து, 1965-ம் வருஷத்துக்குள் ஓடும் ரத்தத்தை ஓட்டத்திலேயே பிரிக்கும் யந்திரத்தை உருவாக்கிவிட்டார்கள். கணக்கு யந்திரம் செய்யும் கம்பெனியின் ஒரு உத்தியோகஸ்தர், வைத்தியம் படியாதவர், மகன் படும் துயரம் பொறாமல் செய்த வேலை அது. இன்று உலகத்தின் ஆஸ்பத்திரிகளில் ஓடுகிற யந்திரங்களெல்லாம் அதன் சந்ததி.

இப்போது தானம் நடக்கும் விதத்தைச் சொல்லுவோம். குருத்தணுக்கள் சாதாரணமாக எலும்புக்குள் ஒதுங்கிக் கிடப்பவை. ஓடும் ரத்தத்தில் மிகச் சொற்பமே. அவற்றை வெளியே வரவழைக்க, ஜி.சி.எஸ்.எஃப். என்ற மருந்தைத் தோலுக்கடியில் ஊசியாக நாலைந்து நாள் தொடர்ந்து போடுகிறார்கள். நம் உடம்பே இயற்கையில் சுரக்கும் ஒரு பொருளின் நகல் அது. ஐந்தாம் நாள் தானம் செய்பவர் சாய்வு நாற்காலியில் அமருகிறார். ஒரு கையிலிருந்து ரத்தம் மெல்லிய குழாய் வழியே யந்திரத்துக்குப் போகிறது. யந்திரத்துக்குள் ஒரு வட்டு வேகமாகச் சுழலுகிறது. மத்தால் கடைந்த தயிரில் வெண்ணெய் பிரிவது போல, கனத்த சிவப்பணு வெளிப்புறமாகவும், லேசான நீர்ப்பகுதி உட்புறமாகவும், இரண்டுக்கும் நடுவே மெல்லிய ஏடாக வெள்ளையணுக்களும் அவற்றோடு குருத்தணுக்களும் ஒதுங்குகின்றன. அந்த ஏடு எங்கே நிற்கிறதென்பதை யந்திரத்தின் கண்ணே பார்த்துக்கொண்டிருந்து, அதை மாத்திரம் ஒரு பையில் இழுத்துக்கொள்ளுகிறது. மற்றதெல்லாம் மற்றொரு கையின் வழியாக உடம்புக்கே திரும்பி விடுகிறது.

உடம்பிலுள்ள ரத்தம் ஐந்து லிட்டர் என்றால், நாலைந்து மணி நேரத்தில் அது இரண்டு மூன்று முறை இப்படிச் சுற்றி வருகிறது. முடிவில் பையில் நிற்பது ஒரு டம்ளர் அளவு, சுமார் 200 அல்லது 300 மில்லி லிட்டர். நோயாளி வாழ அது போதும். ஒரு முறையில் தேவையான அளவு கிடைக்காவிட்டால் மறுநாளும் உட்கார வேண்டியிருக்கும். குழாய்களும் பைகளும் ஒருவருக்கு உபயோகித்தபின் எறியப்படுவதால் தொற்றுக்கு இடமில்லை. கொடுத்த குருத்தணுக்களை உடம்பு சில வாரங்களில் ஈடு செய்துகொள்ளுகிறது.

கஷ்டமே இல்லையா என்றால், உண்டு. ஊசி போடும் நாட்களில் இடுப்பிலும் முதுகிலும் எலும்பு வலியும் தலைவலியும் காணும். ஜுரம் வந்தவன் உடம்பு போல இருக்கும். யந்திரத்தில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் என்ற மருந்து ரத்தத்திலுள்ள சுண்ணச் சத்தைச் சற்றுக் கட்டிவிடுவதால் உதடும் விரலும் கூசும். கால்சியம் கொடுத்தால் தணியும். மண்ணீரல் வீங்கி ஆபத்து நேருவது மிக மிக அபூர்வம். ஆயினும் அதையும் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் பெறுவதுதான் நியாயம். இவ்வளவையும் சொல்லாமல் "ஒன்றுமே செய்யாது" என்று நயமாகப் பேசிக் கையெழுத்து வாங்குகிறவர்கள் பிறகு நேரும் மறுப்புகளுக்குத் தாங்களே வித்திடுகிறார்கள்.

உண்மையான கஷ்டம் இவ்வளவுதான். கற்பனையான கஷ்டங்களோ கணக்கிலடங்கா. மஜ்ஜை என்ற சொல்லைக் கேட்டவுடனே முதுகுத் தண்டுவடம் என்று எண்ணிக்கொண்டு, நடக்க முடியாமல் போய்விடும் என்று நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தண்டுவடம் வேறு, மஜ்ஜை வேறு, இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆண்மை குன்றும், பிள்ளை பிறக்காது, பெண்ணுக்கு வரன் அமையாது என்ற பேச்சுகளுக்கும் ஆதாரம் இல்லை. பட்டதாரிகளின் வாயிலிருந்தே இவற்றை நாம் கேட்டிருக்கிறோம் என்று வெட்கத்தோடு எழுதுகிறோம்.

யந்திரத்தை நாம் வானளாவப் புகழ்வதாக வைத்தியர்கள் குறை கூற வேண்டாம். ரத்தத்திலிருந்து எடுப்பதா, எலும்பிலிருந்து எடுப்பதா என்று அமெரிக்காவில் நடத்தின பெரிய ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2012-ம் வருஷத்தில் வெளியாயிற்று. உறவல்லாதவரிடமிருந்து பெற்ற நோயாளிகள் உயிரோடிருப்பதில் இரண்டு முறைக்கும் வித்தியாசம் காணவில்லை. எலும்பிலிருந்து எடுத்ததில் அணுக்கள் பற்றாமற்போவது சற்று அதிகம். ரத்தத்திலிருந்து எடுத்ததில், வந்த அணுக்கள் நோயாளியின் உடம்பையே அந்நியமென்று எதிர்க்கும் நாட்பட்ட உபத்திரவம் அதிகம். ஆகையால்தான் அப்ளாஸ்டிக் அனீமியா, தலசீமியா போன்றவற்றுக்கு மஜ்ஜையையே விரும்பும் வைத்தியர்கள் உண்டு. எது தகுமென்று தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர். எதற்கும் ஆள் வேண்டுமே என்பதுதான் நம்முடைய கவலை.

எந்த ஆளும் உதவ மாட்டான் என்பதில்தான் கஷ்டம் இருக்கிறது. ரத்த வகை ஒத்திருந்தால் போதாது. ஹெச்.எல்.ஏ. என்று சொல்லப்படும் அடையாளங்கள் ஒத்திருக்க வேண்டும். தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி வருவதால், உடன்பிறந்தார் ஒருவர் முழுதும் ஒத்திருக்க நாலில் ஒரு பங்கே வாய்ப்பு. ஒற்றைப் பிள்ளையும் இரட்டைப் பிள்ளையுமாகக் குடும்பங்கள் சுருங்கிவிட்ட இந்நாளில், வீட்டுக்குள் கிடைக்காதவர் வெளியே தேடத்தான் வேண்டும். பெற்றோரிடமிருந்து பாதிப் பொருத்தத்தோடு எடுத்து ஏற்றும் முறையும் இப்போது வளர்ந்திருக்கிறது. அது பலரைக் காப்பாற்றுகிறது. ஆனாலும் முழுப் பொருத்தமுள்ளவர் கிடைத்தால் அவரையே நாடும் வைத்தியர்கள் இன்றும் அநேகர்.

இங்கேதான் நம் சமூகத்தின் அமைப்பு குறுக்கே வந்து நிற்கிறது. ஆயிரக்கணக்கான வருஷங்களாக அவரவர் வகுப்புக்குள்ளேயே கொண்டு கொடுத்து வந்தோம். அதனால் இந்த அடையாளங்களும் வகுப்புக்கு வகுப்பு வெவ்வேறு விதமாகத் திரண்டு கிடக்கின்றன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் பல வருஷங்களாகத் தமிழ்நாட்டு வகுப்புகளின் ஹெச்.எல்.ஏ. அடையாளங்களை ஆராய்ந்து வந்தது இதைப் பற்றியே. 2017-ம் வருஷத்தில் வெளியான மற்றொரு ஆராய்ச்சியில், தென்னாசியாவின் 263 கூட்டங்களைச் சோதித்ததில் 81 கூட்டங்கள், சிறிய முன்னோர் குழுவிலிருந்து பெருகித் தமக்குள்ளேயே மணந்து வந்த சுவட்டைப் பின்லாந்துக்காரரைவிட அழுத்தமாகக் கொண்டிருப்பது தெரியவந்தது. இதன் பலன் என்ன? மணப்பாட்டிலோ வீரபாண்டியன்பட்டினத்திலோ ஒரு மீனவக் குடும்பத்துப் பிள்ளைக்கு லுக்கீமியா கண்டால், அவனுக்குப் பொருந்தும் ஆள் பெர்லினில் இருப்பதைவிடப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்தில் இருக்கவே அதிக நியாயமுண்டு. காயல்பட்டினத்து மரைக்காயருக்கும், சாத்தான்குளத்து நாடாருக்கும், எட்டயபுரத்து நாயக்கருக்கும் இதே கதைதான்.

உலகத்தில் நாலு கோடிக்கு மேற்பட்டவர்கள் குருத்தணு தானம் செய்யப் பதிந்துகொண்டிருக்கிறார்கள். எட்டரைக் கோடி ஜனத்தொகையுள்ள ஜெர்மனியில் மாத்திரம் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். நூற்று நாற்பது கோடிக்கு மேற்பட்ட நமது தேசத்தில், 2009-ம் வருஷம் சென்னையில் தொடங்கிய தாத்ரி என்ற பதிவகத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல் சேர்ந்திருக்கிறார்கள். பெங்களூரில் டி.கே.எம்.எஸ். என்ற ஸ்தாபனமும் இவ்வேலையைச் செய்து வருகிறது. இவர்களுடைய உழைப்பைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. வகுப்புகள் இத்தனையாகப் பிரிந்து கிடக்கும் தேசத்துக்கு இத்தொகை கடலில் இட்ட பெருங்காயம். லண்டனிலும் டொராண்டோவிலும் குடியேறிய தமிழர் நோயுற்றால் அவர்களுக்கு வேண்டிய அணுவும் பெரும்பாலும் இங்கேயோ யாழ்ப்பாணத்திலோதான் இருக்கும்.

பதிவதில் சிரமம் ஒன்றுமில்லை. பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்துக் கொடுத்தால் போதும். அந்தச் சுலபமே தீங்காக முடிகிறது என்பது நம் அபிப்பிராயம். கல்லூரி விழாவில் கூட்டத்தோடு கூட்டமாகக் கையெழுத்திட்டு, படமெடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறான் வாலிபன். இரண்டு மூன்று வருஷங்கழித்து ஒரு நாள், "உங்களுடைய அணு ஒரு நோயாளிக்குப் பொருந்துகிறது, வர முடியுமா?" என்று அழைப்பு வருகிறது. அம்மா அழுகிறாள். மாமனார் தடுக்கிறார். வேலை செய்யும் இடத்தில் லீவு இல்லை. பொருத்தமென்று கண்டு அழைக்கப்பட்டவர்களில் பலர் இந்தக் கட்டத்தில் பின்வாங்குவது பதிவகங்களெல்லாம் அறிந்த துன்பம். ஆரம்பத்திலேயே பின்வாங்கினால் நோயாளிக்கு நாட்கள் வீணாகும். வேறு ஆளைத் தேடலாம், கிடைத்தால் பிழைக்கலாம்.

அதைவிடக் கொடியது ஒன்று உண்டு. மாற்றும் தேதி குறித்தானபின், தானம் செய்பவருக்கு இங்கே ஊசி போடும் அதே வாரத்தில், அங்கே நோயாளியின் மஜ்ஜையை அழிக்கும் மருந்தைச் செலுத்தத் தொடங்கிவிடுகிறார்கள். அது தொடங்கிவிட்டால் பின்னே போக வழியில்லை. பழைய மஜ்ஜை போய்விட்டது, புது அணு வந்து சேர வேண்டும், வராவிட்டால் மரணம். இக்கடற்கரையில் முத்துக் குளித்தல் 1961-ம் வருஷத்தோடு நின்றுபோயிற்று. ஆனால் குளியாள் கல்லின் பாரத்தோடு கடலுக்குள் இறங்கியபின், படகிலிருந்து அவனுடைய கயிற்றைப் பிடித்திருப்பவன் யாராயிருக்க வேண்டுமென்று நம் பெரியவர்கள் சொல்லிய பேச்சு இன்னும் மறக்கவில்லை. தன் தங்கை விதவையாகச் சம்மதிக்க மாட்டான் என்பதற்காக மைத்துனனையே கயிறு பிடிக்க நிறுத்துவார்களாம். இங்கே கயிற்றைப் பிடித்திருப்பவன் நோயாளிக்கு மைத்துனனுமல்லன், ஊரானுமல்லன். யாருக்குக் கொடுக்கிறோம் என்பது அவனுக்கும், யார் கொடுத்தார் என்பது நோயாளிக்கும் ஒரு வருஷமாவது தெரியாதபடி வைப்பது பதிவகங்களின் வழக்கம். பரிச்சயம், பாசம், ஊர்ப்பேச்சு ஆகிய எதுவும் அவன் கையை இறுக்க முடியாது.

முன்கூட்டியே அணுவை எடுத்து உறைய வைத்துவிட்டால் இந்த ஆபத்து இல்லையே என்று கேட்கலாம். 2020-ம் வருஷத்துக் கோவிட் காலத்தில், தானம் செய்பவர் கடைசி நேரத்தில் நோயுற்றால் என்னாவது என்றஞ்சி அமெரிக்காவிலும் பிற தேசங்களிலும் அப்படியே செய்தார்கள். செய்யத் தக்கதுதான். ஆனால் உறைய வைத்து உருக்குவதில் ஒரு பகுதி அணுக்கள் நஷ்டமாகின்றன, செலவும் ஏறுகிறது. ஏழை நோயாளிக்கு அது எப்போதும் கைகூடுவதில்லை.

வாக்குக் கொடுத்தவனைச் சட்டத்தினால் கட்ட முடியுமா என்று சிலர் நம்மைக் கேட்டதுண்டு. முடியாது, முடியவும் கூடாது. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 25-வது பிரிவின்படி, சில விலக்குகள் தவிர, பிரதிபலனில்லாத ஒப்பந்தம் செல்லாது. செல்லுமென்றே வைத்துக்கொண்டாலும், ஒருவன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடு என்று எந்தக் கோர்ட்டும் டிக்ரி செய்யாது. 1978-ம் வருஷத்தில் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக் கோர்ட்டுக்கு இதே வழக்கு வந்தது. மக்ஃபால் என்பவருக்கு அப்ளாஸ்டிக் அனீமியா. அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் ஷிம்ப் என்பவரின் மஜ்ஜை பொருந்துமென்று முதல் சோதனையில் தோன்றிற்று. அதற்குமேல் ஷிம்ப் மறுத்துவிட்டார். கட்டாயப்படுத்தும்படி மக்ஃபால் கேட்டார். ஷிம்பின் மறுப்பு தர்மத்துக்கு அடுக்காதது என்று நீதிபதி ஃப்ளாஹெர்ட்டி கண்டித்தார்; ஆயினும் ஒருவன் உடம்பை மற்றொருவன் தேவைக்காகச் சட்டம் பலவந்தமாகத் தொடலாமென்றால் சமூகத்தின் அஸ்திவாரமே மாறிவிடும் என்று மனுவைத் தள்ளினார். சில நாட்களில் மக்ஃபால் இறந்தார். தீர்ப்பு சரியென்றே நாம் கருதுகிறோம். பதிந்தவன் எந்த நிமிஷத்திலும் மறுக்கலாம் என்ற உரிமை இருப்பதனால்தான் இது தானமாக நிற்கிறது.

சட்டம் கைகட்டி நிற்கும் இடத்தில், கையெழுத்து வாங்கும் முறையைத்தான் திருத்த வேண்டும். விழாக்களில் சந்தா வசூலிப்பது போலப் பெயர் வசூலிப்பதை விட்டுவிட வேண்டும். நூறு பேரை அவசரமாகப் பதிவதைவிட, பத்துப் பேருக்கு ஊசியும் வலியும் யந்திரமும் தேதியும் எல்லாம் விளங்கச் சொல்லி, ஒரு வாரம் யோசித்துத் தாய் தகப்பனையும் மனைவியையும் கேட்டு வா என்று அனுப்பி, வந்தவனைப் பதிவது மேல். முடிந்தால் வீட்டுப் பெண்களையும் அழைத்துச் சொல்ல வேண்டும். பின்னால் தடுப்பவர்கள் அவர்களே என்று குறை கூறுகிறோமே, முன்னால் அவர்களிடம் எவர் பேசினார்கள்? கடற்கரைக் கிராமங்களில் கோவிலும் பள்ளிவாசலும் சர்ச்சும் கூட்டும் கூட்டத்தை வேறெவரும் கூட்ட முடியாது. அங்கே ஒரு வைத்தியரும், தானம் செய்து திரும்பிய ஒருவரும் வந்து அரை மணி பேசினால், ஆயிரம் துண்டுப் பிரசுரங்களால் ஆகாதது ஆகும்.

இடையே மற்றொன்றையும் சொல்லிவிடுவோம். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தை, அக்குழந்தைக்கே பிற்காலத்தில் உதவுமென்று பெருந்தொகை கட்டித் தனியார் கம்பெனிகளில் உறைய வைப்பது நகரங்களில் ஒரு நாகரிகமாகிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ம் வருஷத்து வழிகாட்டு நெறிகளில், அவ்விதம் சொந்த உபயோகத்துக்கென்று சேமிப்பதற்கு விஞ்ஞான ஆதாரமில்லை என்று கூறியிருக்கிறது. அந்தப் பணத்தைக் கட்டச் சம்மதிக்கும் தகப்பன், செலவில்லாமல் தன் கன்னத்தைத் துடைத்துக் கொடுக்கத் தயங்குவது வேடிக்கை.

சர்க்காரின் கடமைக்கு வருவோம். நம் ஊரில் பதிந்தவன் அழைப்பு வந்தால் பெரும்பாலும் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்கோ, வேறு பெருநகரத்துக்கோ போக வேண்டியிருக்கிறது. தூத்துக்குடியில் 2000-ம் வருஷம் முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருநெல்வேலியில் அதனினும் பழைய கல்லூரி இருக்கிறது. தென் ஜில்லாக்களில் இத்தகைய இடங்களிலேயே யந்திரமும் தேர்ந்த ஆட்களும் இருந்து சேகரிப்பு நடக்குமானால், வீட்டார் கண்முன்னே தானம் நடக்கும். அச்சத்தில் பாதி தானே விலகும். எடுத்த பையைக் குளிர்ப்பெட்டியில் வைத்து விமானத்தில் அனுப்புவது உலகெங்கும் நடப்பதுதான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மஜ்ஜை மாற்றுக்கு உதவி கிடைக்கிறது, நன்று. உறவல்லாத ஆளைத் தேடவும், வகையறியவும், எடுக்கவும் ஆகும் செலவு ஏழை நோயாளியின் தலையில் விழாதபடியும் பார்க்க வேண்டும்.

கடைசியாகக் கூலி. சம்பள உத்தியோகஸ்தன் ஐந்து நாள் எலும்பு வலியோடு நாற்காலியில் சாய்ந்திருக்கலாம். உப்பளத்தில் கூடை சுமக்கும் பெண்ணோ, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனோ, கடலுக்குப் போகிறவனோ அந்த ஐந்து நாளும் கூலியை இழக்கிறான். பதிவகங்கள் பிரயாணச் செலவையும் தங்கும் செலவையும் கொடுக்கின்றன. இழந்த கூலியைக் கொடுப்பதென்றால், அது ரத்தத்தை விற்பதாகுமோ என்று பலரும் தயங்குகிறார்கள். தயக்கத்துக்குக் காரணம் உண்டு. கூலிக்கு ரத்தம் கொடுப்பதை ஒழிக்கும்படி சுப்ரீம் கோர்ட் 1996-ம் வருஷம் ஜனவரியில் உத்தரவிட்டு, 1998-ம் வருஷம் முதல் அது அடியோடு தடை செய்யப்பட்டது. அது நல்ல தீர்ப்பு. அதை நாம் தளர்த்தச் சொல்லவில்லை. ஆனால் விலை வேறு, நஷ்ட ஈடு வேறு. உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கிய 1994-ம் வருஷத்து மனித உறுப்பு மாற்றுச் சட்டமே, பணம் கொடுப்பது என்பதற்கு இலக்கணம் வகுக்கும்போது, கொடுத்தவருக்கு அதனால் நேரிடையாக உண்டான செலவையும் இழந்த வருமானத்தையும் நியாயமான அளவில் ஈடு செய்வது அதில் சேராது என்று விலக்கிவைத்திருக்கிறது. 2011-ம் வருஷத்துத் திருத்தத்தில் திசுக்களையும் சேர்த்தபோது ரத்தம் நீங்கலாக என்றார்கள். ஆகவே அச்சட்டம் ரத்தக் குருத்தணுவுக்கு நேராகப் பொருந்தாவிட்டாலும், சட்டசபையின் மனம் எந்தப் பக்கம் என்பது அதிலிருந்து தெளிவு. சிறுநீரகம் கொடுத்தவனுக்குக் குற்றமாகாத ஈடு, குருத்தணு கொடுக்கும் உப்பளத் தொழிலாளிக்கு மாத்திரம் எப்படிக் குற்றமாகும்? ஐந்து நாள் கூலியை, ஜில்லாவில் வழங்கும் விகிதப்படி, தொழிலாளர் நல வாரியங்களின் மூலமாகவேனும் கொடுக்கும்படி மாநில சர்க்கார் ஒரு உத்தரவு பிறப்பிக்கலாம். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.